அத்தியாயம் ஏழு: ஈரத்தின் கணக்கு

ஆடி மாதத்து அடைமழையில் இரண்டு வாரம் வெளியே எடுக்கப்படாமல் நின்ற காரின் கதவை நிவித்திகலையிலே திறக்கிறவர் முதலிற் காண்பது தூசியை அன்று. ஸ்டியரிங்கின் மேலும், சீட் பெல்ட்டின் விளிம்பிலும், பின்னாசனத்தின் தையல்வாய்களிலும் வெண்மையும் இளம்பச்சையுமாகத் திட்டுத்திட்டாய்ப் படர்ந்திருக்கும் பூஞ்சணத்தையே காண்கிறார். அதே காரை அதே இரண்டு வாரம் யாழ்ப்பாணத்தில் நிறுத்தியிருந்தால் மேலே புழுதி படிந்திருக்குமேயன்றி உள்ளே பயிர் விளைந்திராது. இரத்தினபுரிப் பிரதேசத்தில் ஆண்டொன்றுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பொழிகிறது. யாழ்ப்பாணத்திற் பெய்வது ஏறத்தாழ அதன் மூன்றிலொரு பங்கு. ஆகையால், காரின் உட்புறத்தை வீட்டிலேயே முற்றாகச் சுத்தம் செய்வது எப்படி என்று வறண்ட தேசத்தார் எழுதிவைத்த உபதேசங்களை, சிங்கராஜ வனத்துக்கு அயலிலே, துவைத்த சாரம் மூன்று நாளாகியும் காயாத ஓர் ஊரிலே, அப்படியே கைக்கொள்வது நன்மையினும் தீமையையே அதிகம் விளைவிக்கும். அவ்வுபதேசங்களிற் பெரும்பாலானவை நீரை உள்ளே கொண்டுபோகும் வழியைச் சொல்கின்றன; நமக்கு வேண்டியதோ நீரை வெளியே கொண்டுவரும் வழி.

பூஞ்சணம் எங்கிருந்து வருகிறது என்று வினவுவது வீண். அஸ்பர்ஜிலஸ், பெனிசிலியம், கிளாடோஸ்போரியம் முதலிய பங்கசு இனங்களின் வித்திகள், கண்ணுக்குப் புலப்படாத சில மைக்ரோமீற்றர் பருமனுடையனவாய், நாம் சுவாசிக்கும் வளி எங்கும் மிதந்துகொண்டே இருக்கின்றன. அவை இல்லாத கார் உலகத்தில் இல்லை. அவை முளைப்பதற்கு உணவும், சூடும், ஈரமும் வேண்டும். உள்ளங்கை வியர்வையும் தோலின் எண்ணெயும் பிஸ்கட் துகளும் உணவாகின்றன. 25 முதல் 30 பாகை வரையிலான நமது வெப்பநிலை அவற்றுக்கு மிகவும் உகந்தது. எஞ்சியது ஈரம் ஒன்றே. பரப்பை அடுத்த வளியின் சாரீரப்பதன் 80 சதவீதத்தைக் கடந்து சில நாட்கள் நிலைத்தால் பெரும்பாலான இனங்கள் முளைக்கத் தொடங்கும். சில இனங்களுக்கு 70 சதவீதமே போதும். உணவை முற்றாக ஒழிக்க இயலாது, வெப்பநிலை நம் கையில் இல்லை, வித்திகளையோ இன்று கொன்றால் நாளை கதவைத் திறக்கும்போது புதியவை உள்ளே வரும். எனவே, மருந்தடித்துப் பூஞ்சணத்தைக் கொல்வோம் என்று புறப்படுகிறவர், காரணத்தை விட்டுக் காரியத்தைத் துரத்துகிறவரே ஆவர்.

இனி ஈரத்தின் கணக்கைப் பார்ப்போம். இவ்வத்தியாயத்தின் உயிர்நாடி இதுவே என்பதால் சற்றுப் பொறுமையுடன் வாசிக்குமாறு வேண்டுகிறேன். ஒரு சாதாரணக் காரின் உள்ளறை ஏறத்தாழ 3 கனமீற்றர் கொள்ளளவுடையது. 27 பாகை வெப்பநிலையிலுள்ள ஒரு கனமீற்றர் வளி, தன்னால் இயன்றமட்டும் குடித்தாலும், 26 கிராம் அளவு நீராவியையே தாங்கும். அப்படியாயின் கார் முழுவதும் நிறைந்த வளி தாங்கக்கூடியது 80 கிராமுக்கும் குறைவு. அரைக்கோப்பைத் தேத்தண்ணீரும் ஆகாது. ஆனால் கீழே விரித்திருக்கும் கார்ப்பெட்டும், அதன் அடியில் ஓசையை அடக்குவதற்காக வைத்துத் தைத்திருக்கும் கம்பளியொத்த தடித்த படையும், ஆசனத்தினுள்ளே இருக்கும் பொலியூரித்தேன் நுரையும் லீற்றர் கணக்கில் நீரைப் பிடித்துவைக்கும். வாளியும் தூரிகையும் கொண்டு வேலை தொடங்கிய ஒருவர் ஒரு லீற்றர் நீரை உள்ளே தங்கவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். நண்பகலில் வெயில் பட்டு உள்ளறை 45 பாகைக்குச் சூடேறுமாயின் அப்போது ஒரு கனமீற்றர் வளி 65 கிராம் நீராவியைத் தாங்கும். ஆனால் வெளியிலிருந்து வருகிற வளியே 80 சதவீதச் சாரீரப்பதனோடு 21 கிராமைச் சுமந்துகொண்டு வருகிறது. மிச்சம் 44 கிராம். மூன்று கனமீற்றருக்கு 132 கிராம். ஆகவே அந்த ஒரு லீற்றர் நீர் வெளியேறுவதற்குக் காரின் வளி முழுவதும் எட்டுத் தடவையாவது மாறவேண்டும். அதுவும் வெளியேறும் வளி ஒவ்வொரு தடவையும் பூரணமாக நிரம்பிச் செல்லுமாயின். அப்படி ஒருநாளும் நடப்பதில்லை.

கண்ணாடிகளை ஏற்றிப் பூட்டிவிட்டால் நடப்பது என்ன? பகலில் கார்ப்பெட்டிலிருந்து நீர் ஆவியாகிறது. இரவில் வெப்பநிலை 22, 23 பாகைக்கு இறங்கியதும் அவ்வாவி கண்ணாடியின் உட்புறத்திலும் கூரைத்துணியிலும் ஒடுங்கித் துளியாகிறது. காலையில் வழிந்து மறுபடியும் கார்ப்பெட்டுக்கே போய்ச் சேர்கிறது. சமுத்திரத்துக்கும் மேகத்துக்கும் இடையே நிகழும் நீர்ச்சுழற்சி ஒரு காருக்குள்ளே சிறிய அளவில் நிகழ்ந்துகொண்டிருக்கும்; ஒரு சொட்டும் வெளியே போகாது. காலையில் முன்கண்ணாடியின் உட்புறம் வியர்த்திருப்பதைக் கண்டு துணியால் துடைத்துவிட்டுப் புறப்படுகிறவர்கள், தரையிலே எங்கோ நீர் தேங்கியிருக்கிறது என்ற அந்த அறிவிப்பைப் படிக்காமலே கிழித்தெறிகிறார்கள்.

ஆகவே தூரிகையைத் தொடுமுன் நீர் எவ்வழி வருகிறது என்று ஆராய்வது முறை. குடையும் நனைந்த சப்பாத்தும் யாவரும் அறிந்தவை. அறியாதவை இரண்டு. முன்கண்ணாடியின் அடியில், வைப்பர்கள் பொருத்தப்பட்டிருக்கும் தாழ்வான பள்ளத்தில் விழும் மழைநீர் இரு பக்கத்துத் துவாரங்களின் வழியே நிலத்தில் வடியவேண்டும். இறப்பர்த் தோட்டத்துக்குள் காரை நிறுத்துகிறவர்கள், ஆண்டின் தொடக்கத்தில் இறப்பர் மரங்கள் இலையுதிர்க்கும் காலத்தில், அப்பள்ளத்தைத் திறந்து பார்த்தால் இலைகள் மக்கி அத்துவாரங்களை அடைத்திருப்பதைக் காணலாம். வழியற்ற நீர் வளி புகும் துவாரத்தின் ஊடாக உள்ளே இறங்குகிறது. மற்றது ஏசியின் வடிகுழாய். ஏசி ஓடும்போது காருக்கு அடியில் நீர் சொட்டவேண்டும். சொட்டாமல், இடப்பக்கத்து முன்னாசனக்காரரின் காலடிக் கார்ப்பெட் மட்டும் ஈரமாயிருந்தால், கூரை ஒழுகுகிறது என்று கதவு இறப்பரை மாற்றச் செலவழிக்கவேண்டியதில்லை. அடைபட்ட அந்த மெல்லிய குழாயைக் குத்தித் திறந்துவிட்டால் போதும்.

சுத்தம் செய்தலின் முதற்பகுதி முற்றிலும் உலர்ந்ததாக இருக்கவேண்டும். 1901 ஆம் ஆண்டில் லண்டன் மாநகரில் ஹியூபர்ட் செசில் பூத் என்ற பொறியியலாளர், அழுத்திய வளியை ஊதித் தூசியைக் கிளப்பும் ஒரு யந்திரத்தின் காட்சியைக் கண்டு, ஊதுவதற்குப் பதிலாக ஏன் உறிஞ்சக்கூடாது என்று எண்ணியவராய், ஓர் உணவுச்சாலை நாற்காலியின் துணியின்மேல் தமது கைக்குட்டையை விரித்து, அதில் வாயை வைத்துப் பலமாக உள்ளிழுத்துப் பார்த்தார். மூச்சுத் திணறினாலும் கைக்குட்டையின் அடிப்புறத்தில் கரிய அழுக்குப் படிந்திருந்தது. தூசியுறிஞ்சும் யந்திரம் அப்படித்தான் பிறந்தது. நூற்றிருபது ஆண்டுகளுக்குப் பின்னரும் சேர்விஸ் ஸ்டேஷன்களில் வளித்துப்பாக்கியால் உள்ளே ஊதி, முன்னாசனத்துத் தூசியைப் பின்னாசனத்துக்கு இடமாற்றம் செய்து, அதற்குக் கட்டணமும் பெறுகிற காட்சியைக் காணும்போது பூத்தின் கைக்குட்டையை எண்ணாமல் இருக்க முடிவதில்லை. உறிஞ்சும் வாயைத் துணியின் இழையோட்டத்துக்குக் குறுக்காக மெதுவாக நகர்த்துவதும், மறுகையால் ஆசனத்தைத் தட்டிக்கொண்டே வருவதும், மேலிருந்து கீழாக, கூரைத்துணியில் தொடங்கித் தரையில் முடிப்பதும் இவ்வேலையின் இரகசியங்கள்.

சேறு பட்ட இடத்தை உடனே ஈரத்துணியால் தேய்க்கலாகாது என்பதை நமது தோட்டத்துப் பெண்கள் பௌதிகம் படியாமலே அறிவார்கள்; காயவிட்டு உதிர்த்துவிடுவார்கள். அதன் காரணம் இப்பிரதேசத்து மண்ணிலே இருக்கிறது. மண்ணியலார் செம்மஞ்சட் பொட்சோலிக் என்று வகுத்த நமது செம்மண்ணின் களித்துணிக்கைகள் இரண்டு மைக்ரோமீற்றருக்கும் குறைந்தவை; ஒரு மில்லிமீற்றர் நீளத்தில் ஐந்நூறை வரிசையாக வைக்கலாம். அத்தகைய துணிக்கை நிலைநீரில் ஒரு மணி நேரத்துக்கு ஒன்றரைச் சென்ரிமீற்றர் அளவே கீழிறங்கும். மாணிக்கக் குழியில் ‘இல்லம்’ எனப்படும் பரல்மண்ணைக் கூடையிலிட்டு அரிக்கும்போது களி கலங்கிய நீராய் ஓடிவிடக் கல்லும் பரலும் கூடையில் தங்குவது இதனாலேயே. குழியில் ஓடிப்போக ஆற்றுநீர் இருக்கிறது. ஆசனத்திலோ கலங்கிய நீருக்குப் போக்கிடம் நுரையின் ஆழம் ஒன்றே. மேலே கிடந்த சேற்றை நீரூற்றித் தேய்க்கிறவர் அதை உள்ளே அனுப்பிவைக்கிறார். முழுவதும் காய்ந்தபின் களி சுருங்கி வெடித்து நாரிலிருந்து விலகும். அப்போது தூரிகையும் உறிஞ்சியும் அதிற் பெரும்பங்கை எடுத்துவிடும். எஞ்சி நிற்கும் செந்நிறம் இரும்பு ஒட்சைட்டினுடையது. அதைச் சவர்க்காரம் கரைக்காது.

சவர்க்காரத்தின் வேலைதான் என்ன? நீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டிருப்பதால் அதன் மேற்பரப்பு இறுகி நிற்கிறது. எண்ணெய் பூசிய நாரில் அது பரவாது. சவர்க்கார மூலக்கூற்றின் ஒரு முனை நீரை நாடுவது, மறுமுனை எண்ணெயை நாடுவது. இவ்விருமைக் குணத்தால் அது மேற்பரப்பில் அணிவகுத்து, நீரின் பரப்பிழுவிசையைப் பாதிக்கும் கீழாகக் குறைத்துவிடுகிறது. இதனை அளந்து காட்டியவர்களில் முதன்மையானவர் எந்த ஆய்வுகூடத்தையும் சேர்ந்தவரல்லர். ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில், பெண்களுக்குச் சர்வகலாசாலைக் கதவு திறவாத அக்காலத்தில், நோயுற்ற பெற்றோரைப் பராமரித்துக்கொண்டு வீட்டிலிருந்த அக்னெஸ் பொக்கெல்ஸ் அம்மையார், பாத்திரம் கழுவிய நீரின் மேற்பரப்பு நடந்துகொள்ளும் விதத்தைக் கண்டு வியந்து, ஒரு தகரத் தொட்டியையும் ஒரு சிறு தராசையும் கொண்டு பரப்பிழுவிசையை அளந்தார். 1891 ஜனவரியில் தமது முடிவுகளை இங்கிலாந்தின் ரேலி பிரபுவுக்குக் கடிதமாக எழுத, அப்பெரியார் அதைத் தமது சிபாரிசுடன் ‘நேச்சர்’ பத்திரிகைக்கு அனுப்ப, அவ்வாண்டு மார்ச்சிலேயே அது பிரசுரமாயிற்று. சமையலறையிலிருந்து புறப்பட்ட அவ்வாராய்ச்சி பரப்பு இரசாயனம் என்ற துறைக்கே ஓர் அஸ்திவாரம்.

அத்துறை நமக்குக் கற்பிக்கும் பயனுள்ள பாடம், சவர்க்காரத்துக்கு ஓர் எல்லை உண்டு என்பதாகும். பரப்பு முழுவதும் மூலக்கூறுகளால் நிரம்பியபின் மேலும் சேர்ப்பதால் பரப்பிழுவிசை குறைவதில்லை. அவ்வெல்லைக்கு ஒரு லீற்றர் நீரில் ஒரு தேக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவமே போதுமானது. அதற்குமேல் ஊற்றியது துணியிலே தங்கிப் பிசுபிசுத்து, அடுத்த வாரமே புதிய தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கழுவிய ஆசனம் கழுவாத ஆசனத்தைவிட விரைவில் கறுத்துப்போகிறதே என்று வருந்துகிறவர்கள் இதைக் கவனிப்பார்களாக. எமது ஈரக்கணக்குக்கு மிகவும் இசைந்த முறை, கரைசலைக் கையால் நன்றாக அடித்து நுரை எழுப்பி, வாளியின் அடியிலுள்ள நீரைத் தொடாமல் நுரையை மட்டும் தூரிகையில் அள்ளிப் பூசுவது. நுரையின் பெரும்பகுதி வளி. அழுக்கை இளக்குவதற்கு வேண்டிய சவர்க்காரம் மெல்லிய படலமாக அதிலிருக்கிறது. நனைப்பதற்கு வேண்டிய நீர் மட்டும் இல்லை. இளகிய அழுக்கைப் பிழிந்த ஈரத்துணியால் எடுத்து, உடனே உலர்ந்த துவாயை விரித்து உள்ளங்கையால் அழுத்தி நீரை ஒற்றியெடுக்கவேண்டும். தேய்த்தல் அழுக்கைப் பரப்பும், ஒற்றுதல் அழுக்கை எடுக்கும்.

கறை எடுத்த இடத்தைச் சுற்றி வளையம் தோன்றுவதையும் இங்கே சொல்லிவிடுவது நல்லது. சிந்திய கோப்பித் துளி காயும்போது நடுவில் வெளிறி ஓரத்தில் கறுத்து வளையமிடுவது ஏன் என்பதை 1997 இல் சிக்காகோப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் தெளிவுபடுத்தினர்: துளியின் ஓரத்தில் நீர் விரைந்து ஆவியாகிறது, அவ்விழப்பை ஈடுசெய்ய நடுவிலிருந்து நீர் ஓரத்தை நோக்கி ஓடுகிறது, ஓடும் நீர் துணிக்கைகளையும் சுமந்து சென்று ஓரத்தில் இறக்கிவிட்டு மறைகிறது. ஆசனத் துணியிலும் நுரையிலும் மயிர்த்துளைகளின் வழியே இதே ஓட்டம், கீழிருந்து மேலாகவும் நடுவிலிருந்து புறமாகவும் நிகழும். ஆதலால் கறையிருந்த கையகல இடத்தை மட்டும் கழுவலாகாது. தையலிலிருந்து தையல்வரை அத்துண்டு முழுவதையும் ஒரே சீராக நுரைத்து, ஒரே சீராக ஒற்றிவிட்டால் வளையம் விழுவதற்கு ஓரமே இராது.

இனிக் கறைகள். இங்கே முதலில் வருவது சாயத்தண்ணியே. தேயிலை விளையும் ஊரில் அது இயல்பு. கொழுந்து ஸ்டோரிலே நசுக்கப்பட்டு ஒட்சிசனோடு கூடும்போது உண்டாகும் தியாபிளேவின், தியாரூபிஜின் என்னும் வர்ணப்பொருள்கள் நாரை இறுகப் பற்றுகின்றன. சாயத்தண்ணியில் எலுமிச்சம்புளி பிழிந்தவுடன் அதன் செம்மை வெளிறி மஞ்சளாவதைத் தினமும் காண்கிறோம். அதைக் கண்டு ஆசனத்துக் கறையிலும் எலுமிச்சையைத் தேய்ப்பவர்கள் கறை போயிற்று என்று மகிழ்வார்கள், போகவில்லை. அமிலத்தில் வெளிறிய அவ்வர்ணம் சவர்க்காரத்தின் காரம் பட்டதும் முன்னிலும் கறுத்துத் திரும்பிவரும். முதலில் நீரால் ஒற்றியெடுத்து, எஞ்சிய நிறத்துக்கு மருந்துக்கடையில் விற்கும் மூன்று சதவீத ஐதரசன் பெரொட்சைட்டைத் துணியின் மறைவான ஒரு மூலையில் பரீட்சித்துப் பார்த்தபின் பிரயோகிக்கலாம். அது வர்ணத்தையே ஒட்சியேற்றி அழிப்பது.

பால் சிந்தியிருந்தால் சுடுநீர் ஆகாது. சூட்டில் புரதம் உறைந்து நாரோடு ஒட்டும். எடுபடாத கொழுப்பிலிருந்து பற்றீரியாக்கள் பியூட்டிரிக் அமிலத்தைப் பிரித்துவிடும். அந்த நாற்றத்தை அறியாத குழந்தை பெற்ற வீடு இல்லை. தண்ணீரும், நொதியம் கலந்த சலவைத்தூளும் அதற்குப் பரிகாரம். குருதிக்கும் விதி இதுவே. காட்டோரத் தோட்டங்களில் அட்டை கடித்த காலோடு காரில் ஏறுகிறவர்கள், அட்டை விழுந்துபோனபின்னும் அது செலுத்திய உறையாப் பொருளினால் குருதி நிற்காமல் வழிந்துகொண்டிருப்பதை உணர்வதில்லை. இறங்கும்போது ஆசனத்தின் ஓரத்தில் செந்திட்டு ஒன்று இருக்கும். குளிர்ந்த நீரால் ஒற்றி, பெரொட்சைட்டை ஒரு துளி விட்டால், குருதியிலுள்ள கற்றலேசு நொதியம் அதைப் பிளந்து வெண்ணுரையைப் பொங்கச் செய்வதைக் கண்ணாரக் காணலாம்.

இறப்பர்ப் பால் இவை எல்லாவற்றிலும் விசேஷமானது. நகரத்தார் எழுதிய எந்தக் கைந்நூலிலும் அதற்கு இடமிராது. 1876 இல் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டம் வழியாக ஹெனரத்கொடைக்கு வந்து சேர்ந்த கன்றுகளின் வழித்தோன்றல்களே இன்று சப்பிரகமுவக் குன்றுகளில் நிற்கின்றன. அம்மரத்தின் பாலில் மூன்றிலொரு பங்கு அளவான இறப்பர், புரதப் போர்வை போர்த்த நுண்ணிய மணிகளாக நீரில் மிதக்கிறது. மணிகள் யாவும் எதிர்மின்னேற்றம் உடையனவாதலால் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு கூடாமல் நிற்கின்றன. அமிலம் சேர்த்தால் அவ்வேற்றம் அழிந்து மணிகள் திரண்டு கட்டியாகும். இறப்பர்ச் சீட் அடிக்கும் இடத்தில் போமிக் அமிலம் ஊற்றுவது இதற்காகவே. அமோனியா சேர்த்தாலோ ஏற்றம் நிலைத்துப் பால் நெடுநாள் பாலாகவே இருக்கும். இதையறிந்தவர், பால்வாளியிலிருந்து காரின் கார்ப்பெட்டில் சிந்திய பாலுக்கு வினாகிரியையோ எலுமிச்சையையோ ஒருநாளும் காட்டமாட்டார். காட்டினால் கார்ப்பெட்டிலேயே சீட் அடித்தவராவார். ஈரமாயிருக்கும்போதே சில துளி அமோனியா கலந்த குளிர்நீரால் ஒற்றியெடுக்கவேண்டும். காய்ந்துவிட்டால் நீரும் சவர்க்காரமும் அதை அசைக்கா. மரத்தின் வெட்டுவாயிலிருந்து ஒட்டுப்பாலை உரிப்பதைப் போல விரல்நுனியால் உருட்டி உருட்டி எடுப்பதே வழி. பெற்றோலும் மண்ணெண்ணெயும் இறப்பரை ஊதிப் பருக்கச் செய்யும் என்பது உண்மையாயினும், மூடிய அறையில் அவற்றின் ஆவி தீப்பற்றுவதற்கு ஒரு பொறி போதும்; அந்த யோசனையை முற்றாகக் கைவிடுக.

அமோனியாவைச் சொன்னபின் ஓர் எச்சரிக்கையைச் சொல்லாமல் விடலாகாது. பூஞ்சணத்தை வெளுக்கவென்று சிலர் வெளிற்றும் திரவத்தைக் கொண்டுவருவார்கள். அதிலுள்ள சோடியம் ஐப்போகுளோரைற்று அமோனியாவைச் சந்தித்தால் குளோரமைன் என்னும் நச்சுவாயுவையும், அமிலத்தைச் சந்தித்தால் குளோரீன் வாயுவையும் பிறப்பிக்கும். மூன்று கனமீற்றர் அறைக்குள் தலையை நீட்டி வேலை செய்பவருக்கு இவை சுவாசப்பையைச் சுட்டுவிடும் விஷங்கள். போதாக்குறைக்கு அது துணியின் வர்ணத்தையும் சீட் பெல்ட்டின் வலுவையும் கெடுக்கும். காருக்குள் அதற்கு வேலை இல்லை. நூற்றுக்கு எழுபது பங்கு மதுசாரமும் மிகுதி நீருமான கரைசல் ஸ்டியரிங் போன்ற கடினப் பரப்புக்களில் படர்ந்த பூஞ்சணத்துக்குப் போதும். தூய மதுசாரத்தைவிட அது நன்கு வேலைசெய்வது, புரதத்தைக் குலைப்பதற்கு நீரும் துணைவேண்டியிருப்பதால்.

ஆசனத்துக்கு அடியில் மஞ்சள் உறையிட்ட கம்பிகள் காணப்பட்டால் அவை வளிப்பையினுடையவை. செம்மஞ்சள் உறையிட்டவை ஹைபிரிட் மின்கலத்தின் உயர் அழுத்தக் கம்பிகள். இரண்டையும் கழற்றவோ நனைக்கவோ கூடாது. பிரியஸ், அக்குவா போன்ற கார்களில் பின்னாசனத்தின் அருகே சிறு வளித்துவாரம் ஒன்று இருக்கும். மின்கலத்தைக் குளிர்விக்கும் வளி அதன் வழியே புகுவதால், அங்கே படிந்த தூசியை உறிஞ்சியெடுப்பது நன்று, நீரைத் தெளிப்பது கேடு.

2003 மே மாதத்திலும் 2017 மே மாதத்திலும் களுகங்கை பெருகி இரத்தினபுரியை மூழ்கடித்தபோது ஆசன மட்டத்துக்கு மேல் வெள்ளம் ஏறிய வாகனங்கள் பல. அத்தகைய வாகனத்துக்கு இவ்வத்தியாயம் பயன்படாது. வெள்ளநீர் மலக்குழியையும் வாய்க்காலையும் கடந்து வந்தது. அது ஊறிய நுரையை எறிந்துவிட்டுப் புதிது வைப்பதும், மின்வேலை அறிந்தவரிடம் வண்டியைக் காட்டுவதுமே சரி. 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கு மீண்டும் வழிதிறக்கும்வரை பழைய வண்டிகளுக்குப் பொன்விலை ஏறியிருந்தமையால், வெள்ளத்தில் மூழ்கியவையும் வாசனை தெளிக்கப்பட்டுக் கைமாறியிருக்கலாம். வாங்குமுன் கார்ப்பெட்டின் ஓரத்தைத் தூக்கி அடியிலுள்ள படையைத் தொட்டும் முகர்ந்தும் பார்க்கவேண்டும்.

கண்ணாடியின் உட்புறத்தில் படியும் மங்கற்படலம் டாஷ்போர்ட் பிளாஸ்திக்கிலிருந்து வெயிலில் ஆவியாகி வந்தது. ஈரத்துணி, பின் உலர்துணி, அவ்வளவே.

நுரையும் துணியுமாக எத்தனை சிக்கனமாக வேலைசெய்தாலும் ஓரளவு நீர் உள்ளே நிற்கத்தான் செய்யும். அதை வெளியேற்ற நம் வசம் உள்ள வழிகள் இரண்டு. வெயில் உள்ள நாளானால் நான்கு கதவுகளையும் விரியத் திறந்து, மேசைவிசிறி ஒன்றை ஒரு பக்கத்திலிருந்து ஓடவிடுவது முதலாவது. வெப்பத்தினும் வளியோட்டமே முக்கியம் என்பது மேலே போட்ட கணக்கிலிருந்து விளங்கும். கதவை மூடி வெயிலில் நிறுத்துவது ஈரத்தை வேகவைப்பதன்றிப் போக்குவதாகாது. கிருமியைக் கொல்லும் கதிர்களிற் பெரும்பகுதியையும் கண்ணாடி தடுத்துவிடுகிறது. இரண்டாவது வழி ஏசி. அதன் குளிர்ச்சுருள் 5 பாகை அளவுக்குக் குளிர்ந்திருக்கும். அவ்வெப்பநிலையில் ஒரு கனமீற்றர் வளி 7 கிராமுக்கு மேல் நீராவியைத் தாங்காது. மிச்சம் முழுவதும் துளியாகி வடிகுழாயால் வெளியேறும். கண்ணாடிகளை ஏற்றி, வெளிவளியை அடைத்து உள்வளியையே சுழலவிட்டு ஓட்டினால், வெளியே மழை கொட்டிக்கொண்டிருக்கும் நாளிலும் காருக்குள் வறட்சியை உண்டாக்கலாம். இதனைத் திறந்த வெளியிலேயே செய்யவேண்டும். மூடிய கராஜுக்குள் எஞ்சினை ஓடவிட்டால் காபன் மொனொட்சைட்டு உயிரைக் கொண்டுபோய்விடும். நிறுத்துவதற்கு முன் சில நிமிடம் ஏசியை அணைத்து விசிறியை மட்டும் ஓடவிட்டால் சுருளும் உலர்ந்து, அதிற் பூஞ்சணம் குடியேறுவது தவிர்க்கப்படும். கையுறைப்பெட்டிக்குப் பின்னாலுள்ள வளிவடியைக் கழற்றிப் பார்க்க இதுவே தருணம்.

நாற்றம் எஞ்சினால் வாசனைக் குப்பியைத் தொங்கவிடுவது பழக்கமாகிவிட்டது. மூக்கு ஒரே மணத்துக்குச் சில நிமிடங்களிற் பழகிப்போவதால் காரின் சொந்தக்காரர் இரண்டையும் உணர்வதில்லை. புதிதாக ஏறுகிறவருக்கு மல்லிகையும் பூஞ்சணமும் ஒருங்கே வரவேற்புக் கூறும். உயிர்ப்பூட்டிய சிரட்டைக்கரி நமது நாடே உலகுக்கு ஏற்றுமதி செய்யும் சரக்கு. அதன் ஒரு கிராமில் உள்ள நுண்டுளைகளின் பரப்பு ஆயிரம் சதுரமீற்றர் அளவினது. மணமூலக்கூறுகள் அதிலே ஒட்டி நின்றுவிடும். ஸ்திரிப்பெட்டிக்குப் போடும் சாதாரணக் கரியில் அப்பரப்பு மிகக் குறைவு. ஆயினும் எந்தக் கரியும் ஈரமான கார்ப்பெட்டுக்குப் பரிகாரமன்று. நாற்றம் ஓயாமல் உற்பத்தியாகும் இடத்தில் அதை ஓயாமல் உறிஞ்ச எந்தக் கரியாலும் முடியாது.

கடைசியாகக் காலத்தைப் பற்றி ஒரு வேண்டுகோள். இரத்தினபுரி மாவட்டத்தில் ஆண்டிலே மழை மிகக் குறைந்தவை ஜனவரியும் பெப்ரவரியும். பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடித்துப் பாய்தலையணையை வெயிலில் போடுகிற அந்த நாட்களிலேயே காருக்கு நீர்பட்ட வேலை அனைத்தையும் செய்து முடித்துவிடுங்கள். வைகாசியில் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கியது முதல் கார்த்திகை மழை ஓயும்வரை, உறிஞ்சியையும் உலர்துணியையும் அன்றி வாளியைக் காருக்கு அருகே கொண்டுவராதீர்கள்.